போருக்கு முந்தைய சொகுசுக் காரின் உரிமை வரலாற்றைத் தேடிச் சரிபார்ப்பது எப்படி?

இரண்டாம் உலகப் போருக்கு முன் கட்டப்பட்ட ஒரு ரோல்ஸ்-ராய்ஸோ புகாட்டியோ டூசன்பெர்க்கோ விற்பனைக்கு வரும்போது, அதனுடன் ஒரு கோப்பும் ஒரு கதையும் சேர்ந்தே வரும். கோப்பில் பழைய ரசீதுகளும், மங்கிய புகைப்படங்களும், நகலுக்கு நகல் எடுத்த கடிதங்களும் இருக்கும். கதையில் ஓர் இளவரசரோ திரைப்பட நட்சத்திரமோ தளபதியோ இருப்பார். வாங்க நினைப்பவர்களில் பலர் முதலில் கதையைக் கேட்டு மயங்குகிறார்கள், பிறகு கோப்பைப் புரட்டுகிறார்கள், கடைசியாகத்தான் காரின் அடியில் குனிந்து பார்க்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டும்: முதலில் கார், அடுத்து ஆவணம், எல்லாவற்றுக்கும் பிறகே கதை.

இப்படிச் செய்ய வேண்டியதற்குக் காரணம், அக்காலத்துச் சொகுசுக் கார்கள் உருவான விதத்திலேயே இருக்கிறது. ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனம் போருக்கு முன் முழுக் காரை விற்கவில்லை. என்ஜினும் சக்கரமும் பொருத்திய அடிச்சட்டத்தை, அதாவது சேசிஸை மட்டுமே விற்றது. வாடிக்கையாளர் அதை பார்க்கர், ஹூப்பர், பார்க் வார்ட், கர்னி நட்டிங் போன்ற பாடி கட்டும் நிறுவனங்களில் ஒன்றிடம் அனுப்பித் தமக்கு விருப்பமான வடிவில் கட்டிக்கொண்டார். பிரான்சில் ஃபிகோனி எ ஃபலாஸ்கியும் சவுச்சிக்கும், அமெரிக்காவில் மர்ஃபியும் லெபாரனும் இதே தொழிலைச் செய்தார்கள். ஆகவே ஒரே காருக்குச் சேசிஸ் எண், என்ஜின் எண், பாடி எண் என்று குறைந்தது மூன்று அடையாளங்கள் உண்டு. அவை மூன்றும் தொடக்கத்திலிருந்தே ஒன்றாக இருந்தவையா என்பது தெரியாமல் உரிமையாளர்களின் பெயர்ப் பட்டியலை எழுதுவதில் பொருளில்லை. யாருடைய வரலாற்றை எழுதுகிறோம் என்பதே அப்போது தெளிவாக இருக்காது.

புகாட்டி ராயல் காரை எடுத்துக்கொள்ளுங்கள். 12.7 லிட்டர் என்ஜின் கொண்ட இந்த மாபெரும் வாகனத்தில் ஆறு மட்டுமே இன்று எஞ்சியுள்ளன. புதிதாக இருந்தபோது விற்பனையானவை மூன்றே. அவற்றில் 41111 என்ற சேசிஸை 1932-இல் வாங்கியவர் பாரிஸ் ஆடை வணிகரான அர்மாண்ட் எஸ்டெர்ஸ். அவர் இரவில் கார் ஓட்டுவதில்லை என்பதால் தலைவிளக்கே இல்லாத ரோட்ஸ்டர் பாடி, அதாவது மேற்கூரை திறந்த பாடி, அதற்குப் பொருத்தப்பட்டது. அடுத்த உரிமையாளரின் காலத்தில் அந்தப் பாடி அகற்றப்பட்டு, பிந்தர் என்ற நிறுவனம் கட்டிய மூடிய பாடி அதன் இடத்தில் ஏறியது. மூலூஸ் நகர அருங்காட்சியகத்தில் இன்று காணப்படும் எஸ்டெர்ஸ் ரோட்ஸ்டர் பின்னாளில் செய்யப்பட்ட மறுபடைப்பு. எஸ்டெர்ஸின் கார் எது என்று கேட்டால், சேசிஸைப் பின்தொடர்பவர் ஒன்றைக் காட்டுவார். புகைப்படத்தில் உள்ள வடிவத்தைப் பின்தொடர்பவர் வேறொன்றைக் காட்டுவார்.

காரின் உடலில் உள்ள எண்கள்

விற்பவர் கொடுத்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு போய் ஒப்பிடாதீர்கள். வெறும் தாளோடு போய், கண்ணில் படும் எண்களை எல்லாம் எழுதிக்கொண்டு வந்த பிறகு ஒப்பிடுங்கள். எதிர்பார்க்கும் எண் மனத்தில் இருந்தால், தேய்ந்துபோன 3 எளிதாக 8 ஆகத் தெரியும்.

என்ஜின் அறையைப் பயணிகள் பகுதியிலிருந்து பிரிக்கும் முன்தடுப்புச் சுவரில் உள்ள தகடு எல்லோரும் பார்ப்பது. அதனாலேயே அது மிகக் குறைந்த மதிப்புள்ள சான்று. தகட்டை இரண்டு ஆணிகளைக் கழற்றி வேறு காருக்கு மாற்றிவிடலாம். சேசிஸின் இரும்புச் சட்டத்தில் நேரடியாகக் குத்தப்பட்ட எண்ணைத் தேடுவதே முக்கியம். அந்த இடத்தில் பல அடுக்கு பெயின்ட்டும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்திருக்கும். துணியில் சிறிது மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் சான்றையே அழித்துவிடுவீர்கள். விளக்கை நேராகப் பிடிக்காமல் இரும்பின் பரப்பை ஒட்டிச் சாய்வாகப் பிடித்தால், குத்திய பள்ளங்களின் நிழல் எழுந்து நிற்கும். அப்போது எண்ணை மட்டும் அல்ல, அதைச் சுற்றியுள்ள பரப்பையும் பாருங்கள்: சட்டத்தின் மற்ற பகுதிகள் சொரசொரப்பாக இருக்க, எண் இருக்கும் இடம் மட்டும் வழவழப்பாகவோ சற்றுப் பள்ளமாகவோ இருந்தால், அங்கு அரம் ஓடியிருக்கிறது என்று பொருள். எழுத்துகள் ஒரே அளவிலும் ஒரே ஆழத்திலும் இருக்கின்றனவா, அதே தொழிற்சாலையில் அதே ஆண்டில் வந்த மற்றொரு காரின் எழுத்து வடிவத்தோடு ஒத்துப்போகின்றனவா என்றும் பாருங்கள். மெல்லிய தாளை எண்ணின் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்துக்கொள்வது புகைப்படத்தைவிடப் பல நேரங்களில் பயனுள்ளது.

என்ஜின் எண், கியர்பாக்ஸ் எண், பின் அச்சின் எண் ஆகியவற்றையும் இதே முறையில் குறித்துக்கொள்ள வேண்டும். புகாட்டியில் இவை ஒவ்வொன்றும் தனித்தனியே எண்ணிடப்பட்டிருப்பதால், எந்தப் பகுதி எப்போது மாறியது என்பதை ஓரளவு கண்டுபிடிக்க முடியும். டூசன்பெர்க் ஜே வகையில் ஏறத்தாழ 480 கார்கள் வந்தன. அவை இன்றும் என்ஜின் எண்ணாலேயே அறியப்படுகின்றன. ஆனால் அவற்றின் என்ஜின்களும் பாடிகளும் ஒன்றுக்கொன்று மாற்றப்பட்டது மிகச் சாதாரணமாக நடந்திருக்கிறது. ரோல்ஸ்-ராய்ஸ் தன் பெரும்பாலான சேசிஸ் வரிசைகளில் 13 என்ற எண்ணைத் தவிர்த்தது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பாடியின் எண் மறைவான இடத்தில் இருப்பதால் மோசடி செய்பவர்களின் கைக்கு அது பெரும்பாலும் தப்பிவிடும். அக்காலப் பாடிகளில் பல, மரச்சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு போர்த்தியவை. கதவின் உள்பக்கத் தோல் அட்டையைக் கழற்றினால் அதன் பின்புறத்திலும், முன் இருக்கையைத் தூக்கினால் அதன் அடிப்பலகையிலும், தரைப்பலகைகளின் அடியிலும் தச்சர் பென்சிலாலோ சுண்ணக்கட்டியாலோ எழுதிய வேலை எண் தென்படக்கூடும். நான்கு கதவுகளிலும் ஒரே எண் இருந்து, ஐந்தாவது இடத்தில் வேறொன்று இருந்தால், அந்தப் பகுதி பிறகு வந்து சேர்ந்தது. கதவு அட்டையைக் கழற்ற விற்பவர் அனுமதிக்கவில்லை என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தொழிற்சாலைப் பதிவு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

எண்கள் கையில் வந்த பிறகு, அவற்றைப் பிறந்த இடத்தின் பதிவோடு ஒப்பிட வேண்டும். இந்த வகையில் ரோல்ஸ்-ராய்ஸ் வாங்குபவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஒவ்வொரு சேசிஸுக்கும் நிறுவனம் எழுதிய அட்டைகள் பெருமளவில் எஞ்சியுள்ளன. ரோல்ஸ்-ராய்ஸ் ஆர்வலர் சங்கத்தின் வழியாக அவற்றின் நகலைப் பெறலாம். முதல் வாடிக்கையாளரின் பெயர், பாடி கட்டியவர், சோதனை முடிந்த நாள், ஸ்டியரிங் கம்பத்தின் சாய்வு, கார் எங்கு எப்படி ஓட்டப்படப் போகிறது என்ற குறிப்பு வரை அவற்றில் இருக்கும். உத்தரவாதம் அடுத்தவருக்கு மாற்றப்பட்டபோது அவர் பெயரும் எழுதப்பட்டதால், இரண்டாம் மூன்றாம் உரிமையாளர்கள்கூட அதே அட்டையில் கிடைப்பது உண்டு.

மெர்சிடிஸ்-பென்ஸ் தன் ஆணைப் பதிவேடுகளை ஸ்டுட்கார்ட் ஆவணக் காப்பகத்தில் வைத்திருக்கிறது. 540கே போன்ற ஒரு காரின் ஆணை எண்ணைக் கொண்டு அது எந்தப் பாடியோடு எந்த ஊருக்குப் போனது என்று அறியலாம். பேக்கார்ட் கார்களில் முகவரின் பெயரும் ஊரும் வழங்கிய நாளும் குத்தப்பட்ட தகடு என்ஜின் அறையின் சுவரிலேயே இருக்கும். புகாட்டிக்கு இங்கிலாந்தின் பிரெஸ்காட்டில் உள்ள புகாட்டி அறக்கட்டளையையும், டூசன்பெர்க்குக்கு இந்தியானா மாநிலத்தின் ஆபர்ன் நகரில் அந்நிறுவனக் குழுமத்தின் பழைய தலைமை அலுவலகத்திலேயே இயங்கும் அருங்காட்சியகத்தையும் நாடலாம்.

காப்பகம் தரும் கடிதத்தை விற்பவர்கள் சட்டம் போட்டு மாட்டாத குறையாகக் காட்டுவார்கள். அந்தக் கடிதம் சொல்வது, இன்ன எண்ணுள்ள ஒரு கார் இன்ன நாளில் இன்ன வடிவில் தொழிற்சாலையை விட்டு வெளியேறியது என்பதை மட்டுமே. உங்கள் முன் நிற்கும் வாகனம்தான் அந்தக் கார் என்று அது சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. பதிவேட்டில் முதல் பெயராக இருப்பவர் உண்மையான உரிமையாளராக இல்லாமல் முகவராகவோ, காட்சிக்கு வைத்த நிறுவனமாகவோ இருக்கவும் வாய்ப்பு உண்டு.

பதிவு எண்ணும் பழைய புகைப்படமும்

தொழிற்சாலைக்கு வெளியே காரின் தடம் பதிவு எண்ணில்தான் இருக்கிறது. ஒவ்வொரு நாட்டின் முறையும் வேறு என்பதால், அந்தந்த முறையைத் தெரிந்துகொள்ளாமல் தேடினால் நேரம் வீணாகும். பிரிட்டனில் 1904 தொடங்கி உள்ளூர் மன்றங்கள் எண் வழங்கின. எண் பொதுவாகக் காரோடு ஒட்டியே இருந்தது. 1921 முதல் வழக்குக்கு வந்த பதிவுப் புத்தகத்தில் உரிமையாளர்களின் பெயரும் முகவரியும் அலுவலக முத்திரையோடு அடுத்தடுத்து எழுதப்பட்டதால், அசல் புத்தகம் ஒன்று கிடைத்தால் பல ஆண்டுகள் ஒரே மூச்சில் நிரம்பிவிடும். 1970-களில் இந்தப் பணி ஸ்வான்சி மைய அலுவலகத்துக்கு மாறியபோது பல மன்றங்களின் பேரேடுகள் அழிந்தன. தப்பியவை மாவட்ட ஆவணக் காப்பகங்களிலும் டிராய்ட்விச் ஊரின் கிட்ஹெட் அறக்கட்டளையிலும் உள்ளன. இத்தாலியில் 1927-இல் தொடங்கிய பொது வாகனப் பதிவேடு, ஒரு காரின் உரிமையாளர்களை ஆண்டு வரிசையில் பட்டியலாகவே தரும். ஐசோட்டா ஃபிராஸ்கினி, ஆல்ஃபா ரோமியோ வாங்குபவர்களுக்கு இது பெரிய வரம். பிரான்சில் பழைய பதிவேடுகளுக்கு அந்தந்த மாவட்டக் காப்பகத்தைத்தான் தேட வேண்டும்.

அமெரிக்காவில் பல மாநிலங்கள் அக்காலத்தில் என்ஜின் எண்ணை வைத்தே உரிமைச் சான்று வழங்கின. என்ஜினை மாற்றியவர் காகிதத்தில் காரையே மாற்றியவராகிவிட்டார் என்பதால், சான்றில் உள்ள எண் சேசிஸோடு பொருந்தவில்லை என்றால் உடனே மோசடி என்று முடிவு கட்டக்கூடாது. ஆனால் அதே அமெரிக்க முறையில் ஒரு நன்மையும் உண்டு: பெரும்பாலான மாநிலங்கள் ஆண்டுதோறும் புதுத் தகடு வழங்கியதால், புகைப்படத்தில் நம்பர் பிளேட் தெரிந்தால் ஆண்டும் மாநிலமும் தெரிந்துவிடும். ஜெர்மனியில் போருக்கு முன் ரோமன் எண் ஒன்றோடு ஏ சேர்ந்தால் பெர்லின், இரண்டோடு சேர்ந்தால் மியூனிக், மூன்றோடு சேர்ந்தால் ஸ்டுட்கார்ட்.

ஆகவே கோப்பில் உள்ள புகைப்படத்தை அழகுக்காகப் பார்க்காமல் ஆவணமாகப் படியுங்கள். தகடு, விளக்கின் வகை, சக்கர வட்டு, மட்கார்டின் வளைவு, பின்னணிக் கட்டடம், படத்தின் பின்பக்கத்தில் உள்ள ஸ்டுடியோ முத்திரை என ஒவ்வொன்றும் ஒரு தேதியைச் சொல்லும். அவற்றில் ஒன்று மற்றவற்றோடு முரண்பட்டால், படத்தில் இருப்பது வேறு காராக இருக்கலாம். ஒரே பாடி கட்டுநர் ஒரே வடிவில் ஐந்தாறு கார்களுக்குப் பாடி கட்டியது அரிதல்ல.

இருண்ட ஆண்டுகளும் இடைவெளிகளும்

ஏறக்குறைய எல்லாக் கோப்புகளிலும் 1939-க்கும் 1950-களின் தொடக்கத்துக்கும் இடையே ஓர் ஓட்டை இருக்கும். பெட்ரோல் பங்கீட்டுக் காலத்தில் இந்தக் கார்கள் யாருக்கும் வேண்டாதவையாக இருந்தன. பெரிய ரோல்ஸ்-ராய்ஸ்கள் ஆம்புலன்ஸாகவும் சவ ஊர்தியாகவும் பழுது இழுக்கும் வண்டியாகவும் மாற்றப்பட்டன. சில ராணுவத்தால் எடுத்துக்கொள்ளப்பட்டன. சில குப்பைக் கிடங்குக்குப் போயின. ஜெர்மானிய மருத்துவர் ஜோசப் ஃபுக்ஸ் 1932-இல் வாங்கிய 41121 என்ற ராயல், அவர் நாட்டைவிட்டு வெளியேறிய பிறகு நியூயார்க் வரை வந்து, உறைபனியில் என்ஜின் கட்டை வெடித்துப் பழைய இரும்புக் கிடங்கில் கிடந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் பொறியாளர் சார்ல்ஸ் செய்ன் அதை 1940-களில் மீட்டுச் சீர்செய்தார். இன்று அது டியர்போர்னில் உள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு ராயலே அப்படிக் கிடந்திருக்கிறது என்றால், சாதாரணமான ஒரு லிமோசினுக்கு அந்த ஆண்டுகளில் காகிதம் எதுவும் இல்லாமல் போனதில் வியப்பில்லை.

ஓட்டையின் இரு கரைகளிலிருந்தும் உள்நோக்கித் தேடுவதே சரியான முறை. பிந்தைய கரைக்குச் சங்கங்களின் ஆண்டுப் பட்டியல்கள் கைகொடுக்கும்: அமெரிக்க ரோல்ஸ்-ராய்ஸ் உரிமையாளர் சங்கம் 1951-இலும், அமெரிக்கச் செவ்வியல் கார் சங்கமும் ஆபர்ன்-கார்டு-டூசன்பெர்க் சங்கமும் 1952-இலும் தொடங்கின. அவற்றின் அச்சிட்ட உறுப்பினர் ஏடுகளில் பெயருக்கு அருகிலேயே காரின் விவரம் இருக்கும். முந்தைய கரைக்கு, கடைசியாகத் தெரிந்த உரிமையாளரின் இறப்புச் செய்தி, உயில், நகர முகவரி ஏடு, கப்பல் சரக்குப் பட்டியல், காப்பீட்டு மதிப்பீடு ஆகியவற்றைத் தேடுங்கள். உரிமையாளரின் பெயரைவிட ஓட்டுநரின் குடும்பமும் பழுது பார்த்த பட்டறையின் கணக்கேடும் பல நேரங்களில் அதிகம் சொல்லும் என்பது என் கருத்து.

இவ்வளவு தேடியும் நிரம்பாத இடைவெளியை நிரம்பாததாகவே எழுதுங்கள். புகாட்டி 57எஸ்சி அட்லாண்டிக் நான்கே கட்டப்பட்டன. நிறுவனரின் மகன் ஜீன் புகாட்டி பயன்படுத்திய கறுப்புக் கார் 1941-இல் போர்தோவுக்கு அனுப்பப்படவிருந்தவற்றின் பட்டியலோடு காணாமல் போகிறது. அதற்கு மேல் எவ்வளவோ ஊகங்கள் எழுதப்பட்டுவிட்டன, ஆவணம் மட்டும் ஒன்றுகூட வரவில்லை. என்னைக் கேட்டால், “1941 முதல் 1953 வரை தெரியவில்லை” என்று நேர்மையாக எழுதிய கோப்பு, அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளையும் “ஒரு பிரபுவின் கொட்டகையில் பத்திரமாக இருந்தது” என்று நிரப்பிய கோப்பைவிட அதிக விலைக்குத் தகுதியானது.

புகழ்பெற்ற பெயர்கள்

புகழ்பெற்ற பெயர் ஒன்று பட்டியலில் வந்தால், மற்றப் பெயர்களுக்குக் கேட்ட சான்றைவிடக் கடுமையான சான்றைக் கேளுங்கள். போருக்குப் பிறகு அமெரிக்காவுக்கு வந்து ஹிட்லரின் கார் என்று ஊர் ஊராகக் காட்டப்பட்ட ஒரு மெர்சிடிஸ் 770, உண்மையில் ஃபின்லாந்தின் மார்ஷல் மன்னர்ஹெய்முக்குப் பரிசாகத் தரப்பட்டது. இதற்கு நேர்மாறாக, ஒட்டாவாவில் உள்ள கனடியப் போர் அருங்காட்சியகத்தில் நாஜித் தலைவர்களில் ஒருவரான கோரிங்கின் கார் என்ற பெயரோடு நின்ற ஒன்று, அந்த அருங்காட்சியக நூலகப் பணியாளர் ஒருவரின் விடாமுயற்சியால் ஹிட்லரின் பயன்பாட்டில் இருந்த கார் என்று தெரியவந்தது. ஒன்றில் கதை காரைப் பெரிதாக்கியது, மற்றொன்றில் தவறான ஆளிடம் கொண்டுபோய் விட்டது. இரண்டையும் தீர்த்தது ஆவணமே. “அவருக்காக ஆணையிடப்பட்டது”, “அவர் குடும்பத்தில் இருந்தது”, “அவர் பயணம் செய்தது” என்ற மூன்றும் வெவ்வேறு கூற்றுகள். ஏல விளம்பரத்தில் எது எழுதப்பட்டிருக்கிறது என்று வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள்.

ஓர் எண், இரண்டு கார்கள்

பழைய காரின் சட்டத்தை ஒருவரும், என்ஜினையும் அச்சையும் இன்னொருவரும் வாங்கி, இருவருமே ஒரு முழுக் காரைக் கட்டிவிட்டால், ஒரே எண்ணுக்கு இரண்டு வாரிசுகள் உருவாகிவிடுவார்கள். ஆகவே வாங்கும் முன் அந்த வகைக்கான சங்கப் பதிவாளரிடம், இதே எண்ணை வேறு எந்தக் காராவது கோருகிறதா என்று எழுத்தில் கேளுங்கள். மாற்றங்கள் மிகுந்த காரைப் பற்றி நீதிமன்றம் எப்படி நினைக்கும் என்பதற்கு, 1929, 1930 ஆண்டுகளில் லெ மான் பந்தயத்தை வென்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் வழக்கு நல்ல எடுத்துக்காட்டு. ‘ஓல்ட் நம்பர் ஒன்’ எனப்படும் அந்தக் காரை 1 கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்டவர்கள், அதில் பழைய பாகங்கள் மிகக் குறைவு என்று சொல்லிப் பின்வாங்கினார்கள். 1990-இல் லண்டன் நீதிமன்றத்தில் நீதிபதி ஆட்டன், பாகங்கள் படிப்படியாக மாறினாலும் காரின் வரலாறு எங்கும் அறுபடவில்லை, அந்தப் பெயருக்கு உரிமையுள்ள வேறு காரும் இல்லை என்று கண்டு, விற்பவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். எந்த ஆண்டில் எந்தப் பாகம் ஏன் மாறியது என்ற பட்டறைப் பதிவுகளைச் சேர்த்துவைப்பதன் பயன் இத்தகைய இடத்தில்தான் தெரியும்.

வில்லங்கமும் ஒப்பந்தமும்

வரலாறு சரியாக இருப்பதும் விற்பவருக்கு விற்கும் உரிமை இருப்பதும் ஒன்றல்ல. 2001-இல் மில்வாக்கி நகரில் திருடப்பட்ட 1938-ஆம் ஆண்டு டால்போ-லாகோ, 2015-இல் பெரும் விலைக்குக் கைமாறி, புதிய உரிமையாளர் அமெரிக்காவில் உரிமைச் சான்றுக்கு விண்ணப்பித்தபோதுதான் திருட்டுப் பட்டியலில் சிக்கியது. முந்தைய உரிமையாளர் தரப்பின் வழக்கு காலங்கடந்துவிடவில்லை என்று விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது. மெர்சிடிஸ் 500கே ஸ்பெஷல் ரோட்ஸ்டர் ஒன்று 2011-இல் கலிஃபோர்னியாவில் ஏலத்தில் விற்கப்பட்டு, அடுத்த ஆண்டு ஜெர்மனியின் எசன் நகரக் கண்காட்சிக்கு வந்தபோது, அது 1945-இல் தங்கள் குடும்பத்திடமிருந்து எடுத்துச் செல்லப்பட்டது என்று முதல் உரிமையாளரின் வாரிசுகள் தொடுத்த வழக்கால் கைப்பற்றப்பட்டது. எனவே 1933-க்கும் 1948-க்கும் இடையே ஐரோப்பாவில் கைமாறிய காராக இருந்தால், யார் யாருக்கு விற்றார் என்பதோடு, மனமுவந்து விற்றாரா என்ற கேள்வியையும் கேட்க வேண்டும். காவல்துறையின் திருட்டுப் பட்டியலில் சேசிஸ் எண், என்ஜின் எண் இரண்டையும் தனித்தனியே தேடச் சொல்லுங்கள்.

கண்டறிந்தவற்றை ஒரே அட்டவணையில் ஆண்டு வாரியாக எழுதி, ஒவ்வொரு வரிக்கும் எதிரே அதற்கான ஆவணத்தையும், அது அசலா நகலா வாய்மொழியா என்பதையும் குறித்துவிடுங்கள். விற்பவர் இந்த அட்டவணையை மறுக்காவிட்டால், அதையே ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேர்க்கச் சொல்லுங்கள். பாகங்களின் எண்களுக்கும் உரிமைக்கும் அவர் எழுத்தில் பொறுப்பேற்க வேண்டும். ஏலத்தில் வாங்குவதாக இருந்தால், விளம்பர ஏட்டில் உள்ள வரலாற்றுக்கு ஏல நிறுவனம் எந்த அளவுக்குப் பொறுப்பேற்கிறது என்பதை விதிமுறைகளில் முன்கூட்டியே படித்துவிடுங்கள். அசல் பதிவுப் புத்தகம், சேசிஸ் அட்டையின் நகல், பட்டறை ரசீதுகள், புகைப்படங்கள் ஆகியவற்றின் பட்டியலில் இரு தரப்பும் கையெழுத்திட்டு, பணம் செலுத்தும் அதே நாளில் அவை அனைத்தும் காரோடு கைமாறும்படி செய்யுங்கள். பிறகு அனுப்புவதாகச் சொல்லும் ஆவணங்களை நம்பி முழுத் தொகையையும் கொடுத்துவிடாதீர்கள்.